தாயர்மேல் வீழ்ந்த பழி

நீலகிரி மலையில் குன்னூருக்கு அண்மையில் அமைந்த ஊர் ஜெகதளா. படுகர் இன மக்கள் தொன்றுதொட்டு வாழ்ந்துவரும் அவ்வூரைச் சூழ்ந்து தேயிலைத் தோட்டங்கள் பசும்போர்வை விரித்தாற்போல விளங்கும். அத்தகைய ஊரில் ஏழு வயதுச் சிறுவன் ஒருவன் இருப்பதாகக் கொள்க. பெயர் சொல்லி அழைத்தால் அவன் திரும்பிப் பாரான். பிற பிள்ளைகளோடு கூடி விளையாடான். திருவிழாக் கொட்டொலி கேட்பின் காதைப் பொத்திக்கொண்டு ஓடுவான். நாள்தோறும் செல்லும் வழி சிறிது மாறினும் கதறி அழுவான். ஆயினும், அருவங்காட்டு நிலையத்திற்கு மலைரயில் வரும் நேரத்தை நிமிடமும் பிசகாமல் கூறுவான்.

இச்சிறுவனின் இயல்புக்குக் காரணம் யாது? இவ்வினாவுக்கு உலகம் காலந்தோறும் வெவ்வேறு விடை கூறிற்று. அவற்றுள் ஒன்று தாயர் பலருடைய நெஞ்சைப் புண்படுத்திய பெரும்பிழையாகும். அப்பிழை பிறந்த வகையும் திருந்திய வகையும் அறியத்தக்கன.

இந்நிலையை இன்று ஆட்டிசம் என்பர். தமிழில் மதியிறுக்கம் என வழங்குவர். 'தான்' என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்று ஆட்டிசம் என்னும் பெயரை 1911ஆம் ஆண்டில் ஆக்கியவர் சுவிட்சர்லாந்து நாட்டு மருத்துவர் ப்ளூலர். மனச்சிதைவு நோயுற்றோர் தமக்குள்ளேயே ஒடுங்கிவிடும் தன்மையை அவர் அப்பெயரால் குறித்தார். பின்னர் 1943ஆம் ஆண்டில், அமெரிக்காவின் பால்டிமோர் நகரில் பணிபுரிந்த லியோ கானர், 11 குழந்தைகளை நுணுகி ஆராய்ந்து, இது தனியொரு நிலை என விளக்கினார். அடுத்த ஆண்டில் வியன்னாவில் ஆஸ்பெர்கர் என்பவரும் இதனையொத்த சிறுவர்களைப்பற்றி எழுதினார். அதே 1944ஆம் ஆண்டில், நீலகிரியைப் போன்றே தேயிலை விளையும் டார்ஜிலிங் மலையில் பணியாற்றிய ரொனால்டு என்னும் வியன்னா மருத்துவர், இயல்பில் வேறுபட்ட குழந்தைகளைக் குறித்துக் கட்டுரை வரைந்தார். இந்தியாவில் இப்பொருள்பற்றி எழுந்த முதற்குறிப்பாக அதனை அறிஞர் சுட்டுவர்.

இந்நிலை பிறவியிலேயே அமைவது என்று தொடக்கத்தில் கருதிய கானர், பெற்றோர் பலர் அன்பைப் புறத்தே காட்டாதவர் என்றும் குறித்துவைத்தார். அக்குறிப்பே பிழைக்கு வித்தாயிற்று. 'தாயின் நெஞ்சம் குளிர்ந்து இறுகியமையால்தான் குழந்தை தனக்குள் ஒடுங்கிற்று' என்னும் கருத்து 1950களிலும் 1960களிலும் மேலைநாடுகளில் பரவிற்று. சிகாகோ நகரில் குழந்தைகள் பள்ளியொன்றை நடத்திய பெட்டல்ஹைம் 1967ஆம் ஆண்டில் வெளியிட்ட நூல் அக்கருத்தை மேலும் வளர்த்தது. பிள்ளையைப் பேணி இரவு பகலாக உழைத்த தாயரே குற்றவாளிகள்போல் தலைகுனிய நேர்ந்தது.

விளைவைக் காரணமெனக் கொண்டதே இப்பிழைக்கு மூலம். உறைபனியால் கருகிய தேயிலைச் செடியருகே வாடிய முகத்தோடு உழவன் நிற்கின்றான். அவ்வழியே செல்வோன் ஒருவன், 'இவன் முகவாட்டமே செடியைக் கருக்கிற்று' என்று கூறுவானாயின் அஃது எத்துணைப் பேதைமை! அறிஞர் சிலர் அத்தாயரைப்பற்றிக் கூறியதும் அத்தகையதே.

இதனை முதலில் வன்மையாக மறுத்தவருள் ஒருவர் பெர்னார்டு ரிம்லாந்து. உளவியல் அறிஞராகிய அவர் அத்தகைய மகனுக்குத் தந்தையும் ஆவார். மூளையின் அமைப்பே காரணம் என 1964ஆம் ஆண்டிலேயே அவர் நூல் எழுதினார். 1977ஆம் ஆண்டில் ஃபோல்ஸ்டீன், ரட்டர் என்னும் இருவர் 21 இரட்டையர் இணைகளை ஆராய்ந்தனர். ஒரே கருவினின்று தோன்றிய 11 இணைகளுள் நான்கில் இருவருக்குமே இந்நிலை இருந்தது. இரு கருவினின்று தோன்றிய 10 இணைகளுள் ஒன்றிலேனும் அவ்வாறு இல்லை. இருவகை இரட்டையரும் ஒரு தாயின் மடியிலேயே வளர்பவர் அன்றோ? வளர்ப்பு காரணமாயின் இவ்வேறுபாடு தோன்றுதற்கு இடமில்லை. பிறப்பின் பங்கு இதனால் புலனாயிற்று. தாயர்மேல் வீழ்ந்த பழியும் வலுவிழந்தது.

1979ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் லோர்னா விங், ஜூடித் கூல்ட் ஆகியோர், இந்நிலை எல்லாரிடத்தும் ஒரே அளவில் இராது எனக் காட்டினர். வானவில்லின் நிறங்கள் ஒன்றினுள் ஒன்று கலந்து செல்வதுபோல, பேச்சே இல்லாதவர் முதல் கல்வியில் சிறந்தவர் வரை பலரும் இதனுள் அடங்குவர். அமெரிக்க மனநல மருத்துவர் கழகத்தின் கையேடு 1980ஆம் ஆண்டில் இதனை மனச்சிதைவினின்று பிரித்தது. 2013ஆம் ஆண்டில் இதன் பிரிவுகளை ஒரே தொடராக இணைத்தது.

நம் நாட்டில் 1995ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டம் இதனைத் தனியே குறிப்பிடவில்லை. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டமும் 2016ஆம் ஆண்டின் உரிமைச் சட்டமும் இதனை ஏற்றன. இதனைக் கண்டறியக் குருதிச் சோதனை இல்லை. குழந்தையின் நடத்தையைக் கூர்ந்து நோக்கியும் பெற்றோரை வினவியும் துணிதல் வேண்டும். அதற்கென 40 கூறுகள் கொண்ட இந்திய அளவை ஒன்று 2009ஆம் ஆண்டில் வெளிவந்தது.

நோயின் முதலை நாடி அறிக என்றார் வள்ளுவர். முதலைப் பிழைபட நாடினால் வரும் கேட்டுக்கு இவ்வரலாறே சான்று. ஜெகதளாச் சிறுவனின் தாயை இன்று எவரும் பழித்தல் ஆகாது. அவனுக்கு இளமையிலேயே தக்க பயிற்சி தருதல் பெரியோர் கடன். அவன் மறுமொழி கூறும்வரை பொறுத்திருந்து, தம் அருகே அவனுக்கு இடமளித்தல் உடன்பயிலும் மாணவர் கடனாகும்.