விசையை முதலில் கேட்பது யார்?

கொல்கத்தாவின் வடக்கே, பாரக்பூர் டிரங்க் சாலையில் உள்ள இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கு 1950களின் நடுவில் எச்இசி-2எம் வந்து சேர்ந்தது. பிரிட்டனில் செய்த அந்த இயந்திரத்தைத்தான் இந்தியாவின் முதல் டிஜிட்டல் கணினி என்கிறார்கள். துளையிட்ட அட்டைகளை உள்ளே கொடுத்தால், நிரல் தன் கட்டளைகளை வரிசையாக முடித்துக்கொண்டு போகும்.

இன்றைய திரைநிரல் அப்படியல்ல, அது காத்திருக்கிறது. மவுஸைச் சொடுக்கினாலும் விசையைத் தட்டினாலும் அது ஒரு ‘நிகழ்வு’ ஆகி வரிசையில் சேரும். மெயின் லூப் அதை எடுத்து, அதற்கென எழுதிவைத்த ஹேண்ட்லரிடம் ஒப்படைக்கும். ஹேண்ட்லர் வேலையை இழுத்தடித்தால் திரையே உறைந்துவிடும்.

ஜிம்ப் என்ற படமென்பொருளுக்காகப் பிறந்த ஜிடிகே, இப்படி நிகழ்வுகளைக் கையாளும் நிரல்களை எழுத உதவும் ஒரு கருவித்தொகுப்பு. அதன்மேல் எழுந்ததுதான் க்னோம் என்ற பணித்திரைச் சூழல். அதை அங்கூர் குழுவின் தன்னார்வலர்கள் வங்காள மொழிக்குப் பெயர்த்தார்கள். ஆனால் மெனு வங்காளத்தில் இருந்தால் மட்டும் போதுமா? எழுதவும் வர வேண்டும்.

சில ஒலிப்புமுறை விசைப்பலகைகளில் ‘கே’ தட்டினால் வங்காள ‘க’ வரும். அடுத்து ‘எச்’ தட்டினால் அது அழிந்து, மூச்சொலியோடு கூடிய இன்னொரு எழுத்து வர வேண்டும். இந்தக் கூட்டலை உள்ளீட்டுமுறை செய்கிறது. ஜிடிகே 3-இல் உரைப்பெட்டிக்கு நாம் இணைக்கும் விசை ஹேண்ட்லர் வழக்கமாக அதற்கு முன்பே ஓடிவிடும். அது ‘ட்ரூ’ என்று திருப்பினால் நிகழ்வு அங்கேயே நின்றுபோகும், உள்ளீட்டுமுறைக்கு விசை போகவே போகாது. ‘ஃபால்ஸ்’ என்றால்தான் தொடர்ந்து போகும். புதிதாக வருபவர் ‘ட்ரூ’ என்பதை ‘வேலை நன்றாக முடிந்தது’ என்று எடுத்துக்கொண்டு எல்லா விசைக்கும் அதையே திருப்புவார். ஆங்கிலமோ வங்காளமோ, பெட்டியில் ஓரெழுத்தும் விழாது.

ஜிடிகே 3-இல் எல்லா நிகழ்வும் ஒரே வழியில் போவதில்லை: மவுஸ் சொடுக்கு உள்ளே இருக்கும் பொத்தானில் தொடங்கி வெளிப்பெட்டிகளுக்கு ஏறும். விசையோ முதலில் சாளரத்துக்குப் போய், பிறகே கவனத்தில் இருக்கும் பெட்டிக்கு வரும். இந்த வேறுபாடு ஆவணத்தில் பளிச்சென்று இல்லாவிட்டால் நாள்கணக்கில் தேட வேண்டியதுதான். 2020-இல் வந்த ஜிடிகே 4, மேலிருந்து இறங்கும் கட்டம், கீழிருந்து ஏறும் கட்டம் என்ற பிரிவை விசைக்கும் மவுஸுக்கும் பொதுவாக்கியது. என் பார்வையில் பெரிய தெளிவு அதுதான்.

ஆவணம் எழுதும் நண்பர்களுக்கு ஒரு வேண்டுகோள்: எந்த நிகழ்வை யார் முதலில் பெறுகிறார்கள், எந்தப் பதிலில் அது நின்றுபோகும் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிடுங்கள். எடுத்துக்காட்டை ஆங்கில எழுத்தோடு நிறுத்தாமல், இரண்டு விசையில் பிறக்கும் ஓர் இந்திய எழுத்தையும் சேருங்கள்.