மார்கழிக் குளிரும் பெரியவர்களின் பாதமும்

மார்கழி பிறந்துவிட்டால் மேச்சேரிப் பக்கம் விடியற்காலையில் வெப்பநிலை 20 டிகிரிக்குக் கீழே இறங்கிவிடும். ஏற்காட்டோடு பார்த்தால் இது பெரிய குளிரில்லை. எழுபதைத் தாண்டியவர்களுக்கோ இதுவே அதிகம். கழுத்துவரை போர்த்திப் படுத்தவர்கள்கூட, "காலு மட்டும் ஐஸாட்டம் கெடக்குது கண்ணு" என்று நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

கால் சில்லிட்டால் தூக்கம் வராது என்று அவர்கள் சொல்வது உண்மைதான். கை கால்களில் ரத்தக் குழாய்கள் விரிந்து, உள்ளுடம்பின் சூடு தோல் வழியாக வெளியேறும்போதுதான் தூக்கம் சீக்கிரம் பிடிக்கிறது. சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள் 1999-இல் 'நேச்சர்' இதழில் இதை எழுதினார்கள். பாதம் குளிர்ந்திருந்தால் அந்தக் குழாய்கள் சுருங்கியே கிடக்கும்.

நாம் மேலே போர்த்துவதில் காட்டும் அக்கறையைக் கீழே விரிப்பதில் காட்டுவதில்லை. டைல்ஸ் தரையில் ஒற்றைப் பாய் போட்டுப் படுத்தால் உடம்புச் சூட்டைத் தரை இழுத்துக்கொள்ளும். கயிற்றுக் கட்டிலிலோ அடியில் காற்று புகும். கோரைப்பாய்க்கு மேல் ஒரு பவானி ஜமுக்காளம், அதன்மேல் பழைய நூல் புடவையை நாலாக மடித்துப் போட்டாலே பாதிக் குளிர் போய்விடும். கம்பளிக்கு நம்மூர் ஆட்டை நம்ப முடியாது; மேச்சேரி ஆடு ஊருக்குப் பேர் வாங்கித் தந்தது கறியாலும் தோலாலும்தான். அதற்குக் கம்பளி ரோமம் கிடையாது. முரட்டுக் கறுப்புக் கம்பளிக்குத் திருச்சி கறுப்பு ஆடு போன்ற குறும்பை இனங்கள்தான் வேண்டும். அந்தக் கம்பளி வீட்டில் இருந்தால் கால்மாட்டில் போடுங்கள். உறுத்தாமலிருக்க உள்ளே ஒரு வேட்டி போதும்.

அடுத்தது உப்பு மூட்டை. இரண்டு கை கல்லுப்பை இரும்பு வாணலியில் போட்டு மிதமான தீயில் வறுக்க வேண்டும். முதலில் படபடவென்று பொரியும். ஈரம் போனதும் சத்தம் அடங்கும். கொஞ்சம் ஆறவிட்டுக் கெட்டியான நூல் துணியில் முடிந்து, அதையும் ஒரு துண்டில் சுற்றி, படுப்பதற்குக் கால் மணி நேரம் முன்னால் போர்வைக்குள் கால்மாட்டில் வைக்கலாம். உப்புக்குப் பதில் மணலும் ஆகும், அரிசியும் ஆகும். நைலான், பாலியஸ்டர் துணி மட்டும் வேண்டாம், உருகிவிடும். ரப்பர் பை வைத்திருப்பவர்கள் கொதிக்கும் தண்ணீரை ஊற்றாமல், முக்கால் பைக்கும் குறைவாக நிரப்பி, காற்றை வெளியேற்றி மூட வேண்டும்.

இதில் நான் கண்டிப்பாகச் சொல்ல விரும்புவது ஒன்று: ஆள் படுக்கும்போது மூட்டையை வெளியே எடுத்துவிட வேண்டும். சூடேற வேண்டியது படுக்கைதான். 44 டிகிரி என்பது கைக்கு இதமான சூடுதான். அதுவே ஆறு மணி நேரம் ஒரே இடத்தில் பட்டுக்கொண்டிருந்தால் தோல் வெந்துவிடும். நல்ல கால் சுட்டதும் தானாக விலகிக்கொள்ளும். சர்க்கரை நோயால் நரம்பு மரத்துப்போன கால் விலகாது; காலையில் கொப்புளத்தைப் பார்த்தால்தான் தெரியும். அந்தப் புண் ஆறாமல் விரலை எடுக்கும்வரை போவதுண்டு. இப்படிப்பட்டவர்களுக்குத் தளர்வான பருத்தி சாக்ஸும் நல்ல விரிப்புமே போதும். வெந்நீரில் கால் கழுவுவதாக இருந்தால், வீட்டில் வேறொருவர் முழங்கையை விட்டுச் சூடு பார்க்கட்டும். கழுவியபின் விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது.

குமுட்டி அடுப்பில் கரி மூட்டி அறைக்குள் வைப்பதை அடியோடு விடுங்கள். கதவைச் சாத்திய அறையில் கரியிலிருந்து வரும் கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. தூங்குகிறவர் எழுந்திருக்கவே மாட்டார். மலை ஊர்களில் இப்படி உயிர்கள் போயிருக்கின்றன.

எத்தனை போர்த்தினாலும் ஒரு கால் மட்டும் சில்லென்றிருந்தால், அல்லது கொஞ்சம் நடந்ததும் கெண்டைச்சதை இழுத்துப் பிடித்தால், அது குளிர் அல்ல. ரத்தக் குழாய் அடைத்திருக்கலாம்; பீடி, சிகரெட் பிடிப்பவர்களுக்கு அது அதிகம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை மாத்திரை கொடுக்க வீட்டுக்கே பணியாளர் வருகிறார். இந்த மாதம் அவர் வரும்போது மாத்திரையை வாங்கிக்கொண்டு அனுப்பிவிடாதீர்கள். அப்பா, அம்மாவின் பாதத்தையும் ஒருமுறை காட்டுங்கள்.