ஏழு மில்லிமீட்டர் களிமண்ணை எவ்வளவு நம்பலாம்?

திடக்கழிவு மேலாண்மை விதிகள் 2026, அந்த ஆண்டு ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வந்தன. குப்பையை நாலாகப் பிரிப்பதில் பெங்களூரு ஜோகுபாளையம் வாசகர்களுக்குக் குழப்பமில்லை. கடிதங்களில் வரும் கேள்வி வேறு: பிரித்தும் மிஞ்சுவதைப் புதைக்கும் குழியில் ‘களிமண் விரிப்பு’ போடுவார்களாமே, தாங்குமா? குப்பைக் கிடங்குகளால் மாவள்ளிபுரா, மண்டூர் கிராமங்கள் பட்டபாட்டைப் பார்த்த ஊரில் இது நியாயமான சந்தேகம்.

ஜியோசிந்தெடிக் கிளே லைனர் எனப்படும் இந்த விரிப்பு, விற்பவர் வாக்கில், 90 செ.மீ. களிமண்ணுக்கு மாற்று. கையில் எடுத்துப் பார்த்தால், இரண்டு துணிகளுக்கு நடுவே சதுர மீட்டருக்கு நாலைந்து கிலோ பென்டோனைட் வைத்து ஊசியால் பிணைத்த, 7 மி.மீ. அளவுள்ள விரிப்பு.

நனைந்ததும் பென்டோனைட்டின் நுண்தகடுகளுக்கு இடையே தண்ணீர் புகும். அங்கே இருக்கும் சோடியத்தின் பிடி தளர்வானது. தகடுகள் விலக, தூள் பல மடங்கு பருத்து, மேல்மண்ணின் எடையில் அமுங்கி இடுக்கையெல்லாம் அடைத்துவிடும். சிறு ஓட்டை விழுந்தாலும் தானே மூடிக்கொள்ளும். கெட்டிக்கார ஏற்பாடுதான்.

வில்லங்கம் கால்சியத்தால் வருகிறது. குப்பையிலிருந்து வடியும் நீரில் அது உண்டு. கட்டட இடிபாடும் சாம்பலும் கலந்தால் இன்னும் கூடும். சோடியத்தை வெளியேற்றி அது குடியேறும். அதன் பிடி இறுக்கம். களிமண் முன்போல் பருக்காது. காய்ந்து வெடித்தால், மறுபடி நனைந்தாலும் வெடிப்பு சரியாக மூடாது.

விற்பனைத் தாளில் அச்சாகும் ஊடுருவல் எண்ணோ சுத்தமான தண்ணீரில் சோதித்தது. 2016 விதிகள் 1.5 மி.மீ. பிளாஸ்டிக் தாளுக்கு அடியில் 90 செ.மீ. களிமண் கேட்டன. அந்தக் களிமண்ணுக்கு அனுமதித்த அளவைவிட விரிப்பின் ஊடுருவல் சுமார் 20 மடங்கு குறைவு என்பது உண்மை. கனமும் நூறு மடங்குக்குமேல் குறைவு என்பதை யாரும் சொல்வதில்லை. மேலே 30 செ.மீ. நீர் தேங்கினால் விரிப்பின் கசிவு களிமண்ணின் கசிவைவிடக் குறைவல்ல, ஒன்றரை மடங்குக்குச் சற்று மேல். கால்சியம் புகுந்து ஊடுருவல் பத்து மடங்கு கூடினால், விரிப்பு எப்படி மாற்றாகும்?

கடிதங்களில் வந்த மற்ற கேள்விகள்: விரிப்பை மொட்டை மாடிக்குப் போடலாமா? மேலே மண்ணோ கான்கிரீட்டோ அழுத்தாவிட்டால் வேண்டாம்.

போர்வெல் தண்ணீரில் நனைக்கலாமா? கடின நீரிலும் கால்சியம்தான்.

அல்சூர் ஏரிக்கு? ஏரியின் அடியை அடைத்தால் நிலத்தடிக்கு நீர் இறங்காது.

அதிகாரிகளிடம் என்ன கேட்பது? குழியில் வடியும் நீரிலேயே சோதித்த அறிக்கையை.