விற்காத பங்கும் ஓயாத நெஞ்சும்

மாலை 3.30 மணிக்குச் சந்தை மூடிவிட்டது. ஆனால் நிஃப்டி ஃபியூச்சரில் ஒரு லாட் வாங்கி, அதை விற்காமல் மறுநாளைக்கு கேரி செய்திருப்பவருக்கு நாள் முடிவதில்லை. சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்திலேயே போன். அமெரிக்கச் சந்தை திறந்ததும் டவ் ஜோன்ஸ் எப்படிப் போகிறது என்று ஒரு பார்வை. படுக்கப் போகும் முன், இரவிலும் வர்த்தகமாகும் கிஃப்ட் நிஃப்டி. நடுராத்திரியில் விழிப்பு வந்தாலும் கை போனைத்தான் தேடுகிறது. காலை 9.15-க்குச் சந்தை இறக்கத்தில் திறக்கிறது. சில ஆயிரம் ரூபாய் நஷ்டத்தில் விற்றுவிட்டு வெளியே வருகிறார். பணம் போனது போனதுதான். இருந்தும் ‘அப்பாடா’ என்று ஒரு பெருமூச்சு வருகிறது. அன்று பசி எடுக்கிறது. இரவு தூக்கமும் வருகிறது.

பணம் போகாதிருந்தபோது வராத நிம்மதி, போன பிறகு எப்படி வந்தது?

இதற்கான விடையின் ஒரு பகுதி லண்டனில் கிடைத்தது. ஜான் கோட்ஸ் ஒரு காலத்தில் வால் ஸ்ட்ரீட்டில் டிரேடராக இருந்தவர். பிறகு கேம்பிரிட்ஜில் நரம்பியல் ஆய்வாளரானார். அவரும் சக ஆய்வாளர் ஜோ ஹெர்பர்ட்டும் லண்டன் டிரேடிங் தளம் ஒன்றில் வேலை செய்த 17 ஆண்களிடம், 8 வேலை நாட்களுக்குக் காலையும் மாலையும் உமிழ்நீர் எடுத்துச் சோதித்தார்கள். முடிவுகள் 2008-இல் வெளிவந்தன. மன அழுத்தத்தின்போது சுரக்கும் கார்டிசோல், நஷ்டப்பட்டவர்களுக்குத்தான் ஏறியிருக்கும் என்று நாம் நினைப்போம். அப்படி இல்லை. லாப நஷ்டம் எவ்வளவு ஏறி இறங்கியதோ, சந்தை எவ்வளவு ஆட்டம் கண்டதோ, அதற்கேற்பத்தான் கார்டிசோல் ஏறியது. உடலை வாட்டியது நிச்சயமின்மை.

2016-இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் ஆய்வாளர்கள் இதையே வேறு வழியில் காட்டினார்கள். கணினித் திரையில் ஒரு பாறை. அதன் அடியில் பாம்பு இருக்கிறதா என்று 45 பேர் ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி மின் அதிர்ச்சி. அதிர்ச்சி வருவது உறுதி என்று தெரிந்தபோது இருந்த பதற்றத்தைவிட, வரவும் வராமலிருக்கவும் சரிபாதி வாய்ப்பு இருந்தபோதுதான் பதற்றம் உச்சத்துக்குப் போனது. தோல் வியர்வையும் கண்மணி விரிவும் அதைக் காட்டின. மதில் மேல் பூனை எந்தப் பக்கம் குதிக்கும் என்று தெரியாத அந்த நேரம்தான் உடம்புக்குப் பெரும் பாரம்.

காரணம் எளிது. என்ன வரும் என்று தெரிந்தால் உடல் அதற்குத் தயாராகிவிட்டு ஓயும். தெரியாவிட்டால் எல்லாவற்றுக்கும் தயாராக இருக்க வேண்டும். சிறுநீரகங்களின் மேல் தொப்பிபோல் உட்கார்ந்திருக்கும் அட்ரினல் சுரப்பிகள் கார்டிசோலை ஊற்றுகின்றன. ரத்தத்தில் சர்க்கரை ஏறுகிறது. குடலுக்குப் போகும் ரத்தம் குறைகிறது. வயிற்றில் புளியைக் கரைக்கிறது என்று சொல்கிறோமே, அது வயிற்றில் உண்மையாகவே நடக்கும் மாற்றத்துக்கு நம் மக்கள் கொடுத்த பெயர்.

விற்றால் நிம்மதி என்றால் ஏன் விற்பதில்லை? நூறு ரூபாய் வந்தால் கிடைக்கும் மகிழ்ச்சியைவிட, நூறு ரூபாய் போனால் வரும் வலி ஏறக்குறைய இரண்டு மடங்கு என்று உளவியலாளர்கள் கானமனும் ட்வெர்ஸ்கியும் கணக்கிட்டார்கள். விற்காதவரை அந்த வலியைத் தள்ளிப்போடலாம். ‘விற்றால்தானே நஷ்டம்’ என்போம். ‘இன்னும் கொஞ்சம் வாங்கி ஆவரேஜ் பண்ணலாம்’ என்போம். லாபத்தில் இருப்பதைச் சீக்கிரம் விற்று, நஷ்டத்தில் இருப்பதைக் கட்டிக்கொண்டு அழும் இந்தப் பழக்கத்தை நிதியியல் ஆய்வாளர்கள் ஷெஃப்ரினும் ஸ்டாட்மனும் 1985-லேயே விளக்கினார்கள். அதே துறையின் டெரன்ஸ் ஓடீன் 1998-இல் 10,000 அமெரிக்கத் தரகுக் கணக்குகளில் அதை எண்களாகவே கண்டார்.

இந்தத் தவிப்பு மூளையையும் மாற்றுகிறது. கோட்ஸ் குழுவினர் தன்னார்வலர்களுக்கு மருந்து கொடுத்து, 8 நாட்களுக்குக் கார்டிசோலைச் சுமார் 70 சதவீதம் கூட்டினார்கள். அவர்கள் இடர் எடுக்கவே தயங்குபவர்களாக மாறினார்கள். அதாவது, தெளிந்த மனதோடு வாங்கியவரும் பல நாள் தவித்தபின் விற்க உட்காருபவரும் ஒரே ஆள் அல்ல; உள்ளே ஓடும் ரசாயனம் வேறு.

ஆகவே முடிவுகளைத் தெளிந்த மனம் இருக்கும்போதே எடுத்துவைக்க வேண்டும். எந்த விலையில் வெளியேறுவேன் என்பதை வாங்கும் முன்பே எழுதிவையுங்கள். இரவு முழுக்கப் போனைத் தேடவைக்கும் பொசிஷன், உங்கள் உடம்பு தாங்கும் அளவைத் தாண்டியது; அதைக் குறையுங்கள். 2021-22 முதல் 2023-24 வரையிலான மூன்று ஆண்டுகளில், பங்கு ஃபியூச்சர்ஸ், ஆப்ஷன்ஸ் வர்த்தகத்தில் இறங்கிய தனிநபர்களில் 93 சதவீதம் பேர் நஷ்டப்பட்டார்கள் என்று பங்குச்சந்தைக் கட்டுப்பாட்டு அமைப்பான செபி 2024-இல் அறிவித்தது. அந்தக் கணக்கில் ரூபாய் மட்டும்தான் இருக்கிறது. தொலைந்த தூக்கத்தை யாரும் கூட்டிப் பார்க்கவில்லை. அதை நீங்கள்தான் கணக்கில் சேர்க்க வேண்டும்.