பாஸ்வேர்டு கேட்பது யார்?

ஆன்ட்டிவைரஸை நீக்கிவிட்டுத் திரும்பப் போட்ட கையோடு, கம்ப்யூட்டர் எதற்கெடுத்தாலும் பாஸ்வேர்டு கேட்க ஆரம்பிக்கும். உடனே நாம் தெரிந்த பாஸ்வேர்டையெல்லாம் வரிசையாக அடித்துப் பார்ப்போம். ஆபத்தே அதில்தான். கேட்பது யார் என்பதை முதலில் பாருங்கள்.

திரை மங்கி நடுவில் பெட்டி வந்தால், பெரும்பாலும் அது விண்டோஸ். 2007-ல் விஸ்டாவோடு வந்த ஏற்பாடு. அட்மின் கணக்கு என்றால் சம்மதம் மட்டும் கேட்கும். சாதாரணக் கணக்கு என்றால் அட்மின் பாஸ்வேர்டு வேண்டும். கம்ப்யூட்டரை அமைத்துக் கொடுத்தவரைத்தான் கேட்க வேண்டும்.

ஆன்ட்டிவைரஸே கேட்கிறதா? நீக்கும்போது பழைய செட்டிங்ஸை வைத்துக்கொள்ளச் சொல்லியிருப்பீர்கள். எப்போதோ போட்ட பூட்டும் அதோடு திரும்பியிருக்கலாம். ஈசெட், காஸ்பர்ஸ்கி போன்ற நிறுவனங்கள் தங்கள் மென்பொருளை அடியோடு நீக்கத் தனிக் கருவியே தருகின்றன. அதை ஓட்டிவிட்டுப் புதிதாகப் போடலாம்.

உண்மையில் ஆளைச் சுற்றவைப்பது மெயில்தான். சரியான பாஸ்வேர்டை அடித்தாலும் அவுட்லுக் அதே பெட்டியைத் திரும்பத் திரும்ப நீட்டும். மெயிலைச் சோதிக்கும் ஆன்ட்டிவைரஸ், அவுட்லுக்குக்கும் சர்வருக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கிறது. 993, 995 போர்ட்டுகளில் பூட்டி வரும் மெயிலைப் பிரித்துப் பார்க்கத் தன் சொந்தச் சான்றிதழைக் காட்டுகிறது. மறுபடி போடும்போது அந்தச் சான்றிதழ் மாறிவிட்டால் இணைப்பு அறுபடலாம். அவுட்லுக்கோ பழியைப் பாஸ்வேர்டு மேல் போட்டுவிடும். தண்டர்பேர்டு என்ற மெயில் மென்பொருள் சான்றிதழ்களைத் தனியாக வைத்துக்கொள்வதால், அங்கே எச்சரிக்கையே வரலாம்.

அதே பாஸ்வேர்டில் பிரவுசர் வழியாக மெயில் திறக்கிறதா என்று பாருங்கள். திறந்தால், மெயில் சோதனையை மட்டும் சற்று நிறுத்திப் பாருங்கள். தொல்லை நின்றால், அந்த வசதியை ஒருமுறை அணைத்துப் போடுங்கள். சில மென்பொருள்களில் சான்றிதழ் அப்போது புதிதாகப் பதியும். அப்படியும் சரிவராவிட்டால் அணைத்தே வைக்கலாம், பெரிய நஷ்டமில்லை. மெயிலோடு வரும் கோப்பைத் திறக்கும்போது கோப்புச் சோதனை எப்படியும் பார்த்துவிடும்.

நிறுத்தியும் கேட்டால் ஆன்ட்டிவைரஸ் நிரபராதியாக இருக்கலாம். வெறும் பாஸ்வேர்டோடு வரும் பழைய மென்பொருள்களை ஜிமெயில் 2022 மே 30 முதல் மறுக்கத் தொடங்கியது. அவற்றுக்கு 16 எழுத்து ஆப் பாஸ்வேர்டு தனியாக வாங்க வேண்டும்.

எல்லாத் தளங்களும் புதிதாக உள்நுழையச் சொன்னால், ஆன்ட்டிவைரஸின் துப்புரவு வசதி குக்கிகளைத் துடைத்திருக்கும். அவ்வளவுதான்.

'ஆன்ட்டிவைரஸ் காலாவதி' என்று பயமுறுத்தி மெயில் பாஸ்வேர்டு கேட்கும் பெட்டி வந்தால் எதையும் அடிக்காதீர்கள். பிரவுசரைச் சுருக்கிப் பாருங்கள். பெட்டியும் கூடவே மறைந்தால் அது ஏதோ ஒரு வலைப்பக்கம் போடும் வேஷம்.