கல்லூரி வாசலும் லயத்து வாசலும்

உயர்தரப் பெறுபேறு வெளியான வாரத்தில் எங்கள் லயத்தில் யாருக்கும் சரியான நித்திரை இல்லை. மூன்று பிள்ளைகள் பரீட்சை எழுதியிருந்தார்கள். அவர்களுள் ஒருத்தி எனது மகள். மூன்று பாடங்களிலும் சித்தி பெற்றிருந்தாள். ஆனால் இசட் புள்ளி, பல்கலைக்கழகம் கிடைக்கும் என்றும் கிடைக்காது என்றும் சொல்ல முடியாத இடத்தில் நின்றது.

அதே வாரம் ராகலை பஸாரில் ஒருவர் துண்டுப் பிரசுரம் கொடுத்துக்கொண்டிருந்தார். "சுவாமிமார் நடத்துகிற கத்தோலிக்கப் பல்கலைக்கழகம். பொம்பளப் பிள்ளைகளுக்குப் பாதுகாப்பு. ஐம்பதாயிரம் முற்பணம் கட்டினால் இடம் நிச்சயம்" என்றார். நான் நம்பினேன். சுவாமிமாரும் கன்னியாஸ்திரிகளும் நடத்திய பாடசாலைகளில் படித்தவர்கள் நன்றாக இருப்பதைக் கண்டவர்கள்தானே நாம். வீட்டுக்கு வந்ததும் தோட்டைக் கழற்றித் துணியில் முடிந்து வைத்தேன். மறுநாள் அடகுக் கடைக்குப் போவதாக இருந்தேன்.

என்னைத் தடுத்தது எனது அக்காவின் மகள். "சின்னம்மா, நான் மூணு வருசம் அப்படியான ஒரு காலேஜில படிச்சவ. முதல்ல நான் சொல்றதைக் கேளுங்க. பிறகு தோட்டைக் கொண்டு போங்க" என்றாள்.

அன்று இரவு அடுப்படியில் அவள் சொன்னதை, என்னைப் போன்ற தாய்மாருக்காக இங்கே எழுதுகிறேன்.

கதவு திறந்த கதை

எமது குடும்பத்தின் கதை உங்களில் பலருடைய கதைதான். 1977 ஆம் ஆண்டு கலவரத்தில் லயங்கள் தாக்கப்பட்டபோது மலையகத்திலிருந்து ஆயிரக்கணக்கானோர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போய்க் காடு வெட்டிக் குடியேறினார்கள். எனது பெரியப்பா குடும்பமும் அப்படிப் போனது. அக்கா அங்கேயே கலியாணம் முடித்தாள். 1990 ஆம் ஆண்டு யுத்தம் மீண்டும் தொடங்கியபோது மச்சான் காணாமற் போனார். அக்கா வயிற்றில் பிள்ளையோடு மன்னார்க் கரையிலிருந்து படகேறி இராமேஸ்வரம் போய்ச் சேர்ந்தாள். அங்கிருந்து மண்டபம் முகாம். எமது பாட்டன்மார் தோட்டத்துக்கு வந்த காலத்தில் அவர்களைத் தங்கவைத்துப் பரிசோதித்து அனுப்பிய இடமும் அதே மண்டபம்தான். அவர்கள் கூலிகளாகப் புறப்பட்ட கரைக்கு அக்கா அகதியாகத் திரும்பினாள்.

தமிழ்நாட்டு முகாம்களில் வாழ்ந்தவர்களில் ஏறக்குறைய 30,000 பேர் இவ்வாறு மலையக வழி வந்தவர்கள். 1991 இல் ராஜீவ் காந்தி கொலையுண்ட பின்னர் அகதிப் பிள்ளைகளுக்குக் கல்லூரிக் கதவு சில வருடங்கள் மூடிக் கிடந்தது. 1996 க்குப் பின்னரே மீண்டும் திறந்தது. அதில் தொண்டு நிறுவனங்களின் விடாமுயற்சிக்குப் பெரும் பங்குண்டு. 1984 இல் தொடங்கப்பட்ட ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகமும், இயேசு சபையினரின் அகதிகள் பணியும் முகாம்களில் மாலை வகுப்பு நடத்தின. விண்ணப்பம் நிரப்பிக் கொடுத்தன. அக்கா மகள் 2010 இல் ஒரு கத்தோலிக்க மகளிர் கல்லூரியில் வணிகவியல் படிக்கப் போனது அந்த வழியாகத்தான். கல்லூரியின் பெயர் இங்கே வேண்டாம்.

தமிழ்நாட்டில் இவ்வாறான கல்லூரிகள் பழைமையானவை. திருச்சி புனித வளனார் கல்லூரி 1844 இல் நாகப்பட்டினத்தில் தொடங்கி 1883 இல் திருச்சிக்கு வந்தது. அதே நகரில் பெண்களுக்கான ஹோலி கிராஸ் கல்லூரி 1923 இல் தொடங்கியது. சென்னையில் லயோலா 1925 இலும், பெண்களுக்கான ஸ்டெல்லா மாரிஸ் 1947 இலும், மதுரையில் பாத்திமா கல்லூரி 1953 இலும் தொடங்கப்பட்டன. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இவை கல்லூரிகளே, பல்கலைக்கழகங்கள் அல்ல. பாடத்திட்டத்தையும் பரீட்சையையும் தாமே நடத்தும் சுயாட்சி இருந்தாலும், பட்டம் கொடுப்பது சென்னை, பாரதிதாசன், மதுரை காமராசர் போன்ற அரச பல்கலைக்கழகங்கள்தான். பெங்களூரில் 1882 இல் தொடங்கிய புனித ஜோசப் கல்லூரி 2022 இல்தான் பல்கலைக்கழகமானது.

முதலாம் வருடம் வாய் திறக்கவில்லை

"அங்க படிச்ச பிள்ளைகள்கிட்ட எது கஷ்டம்னு கேட்டா முதல்ல இங்கிலீஸ்தான்னு சொல்லும்" என்றாள் மகள். முகாமில் தமிழ்மொழி மூலம் படித்துவிட்டுப் போனவள், முதல் நாள் விரிவுரையில் ஒரு வசனமும் விளங்காமல் இருந்தாள். நகரத்துப் பிள்ளைகள் ஆசிரியையோடு ஆங்கிலத்தில் சிரித்துப் பேசும்போது இவள் கொப்பியைப் பார்த்துக்கொண்டிருப்பாளாம். முதற் பருவத்தில் ஒரு பாடத்தில் தவறினாள்.

ஆனால் அவளுடைய பேச்சில் வந்த நல்லதும் அங்கேதான் தொடங்கியது. ஒரு மூத்த கன்னியாஸ்திரி, ஆங்கிலத்தில் பின்தங்கிய பிள்ளைகளை மாலையில் வைத்துப் படிப்பித்தார். தினமும் பத்திரிகையில் ஒரு பந்தியை வாசித்துத் தமிழில் கதை சொல்ல வேண்டும். இரண்டாம் வருடத்தில் அவள் வகுப்பில் எழுந்து கேள்வி கேட்டாள். "கேள்வி கேட்ட அன்னைக்குத்தான் நான் அகதி இல்ல, மாணவின்னு எனக்கே தெரிஞ்சுது" என்றாள்.

பரீட்சை முறையும் எமது முறைக்கு வேறானது. வருட முடிவில் ஒரே பரீட்சை எழுதித் தப்ப முடியாது. ஆறு மாதப் பருவம், இடையிடையே உள்மதிப்பீட்டுத் தேர்வு, ஒப்படை. வரவு குறைந்தால் பரீட்சை மண்டபத்துக்குள் விடமாட்டார்கள். முகாமில் கணக்கெடுப்பு நாளில் ஆள் நிற்க வேண்டும். கல்லூரியிலும் வரவு வேண்டும். இரண்டுக்கும் நடுவே பஸ்ஸில் ஓடியே மூன்று வருடம் போனதாகச் சொன்னாள்.

கட்டுப்பாடா, காவலா?

இதில் மாணவிகளிடையே இரண்டு கருத்து இருந்ததாம். மாலை ஆறு மணிக்கு விடுதிக் கதவு பூட்டப்படும். கைத்தொலைபேசிக்குத் தடை. உடுப்புக்கு விதி. வெளியே போக வீட்டார் கையொப்பம். நகரத்துப் பிள்ளைகள் இதைச் சிறை என்றார்கள். "பதினெட்டு வயது வந்தவளுக்கு ஓட்டுப் போடலாம், கடைக்குப் போக முடியாதா?" என்று கேட்டார்கள். அந்தக் கேள்வி நியாயமானதே.

முகாமிலிருந்து போன பிள்ளைகள் வேறு விதமாக யோசித்தார்கள். கதவு பூட்டியிருந்தால் குடித்துவிட்டு வந்து யாரும் தட்டமாட்டார்கள். இரவு பதினொரு மணி வரை மின்விளக்கில் படிக்கலாம். தண்ணீருக்கு வரிசையில் நிற்க வேண்டியதில்லை. பத்தடி அறையில் ஐந்து பேரோடு வளர்ந்தவளுக்கு ஒரு மேசையும் ஒரு கதிரையும் கிடைத்ததே பெரிய சுதந்திரம்.

"இரண்டு பக்கமும் சரிதான் சின்னம்மா" என்றாள் அவள். "காவல் தேவைதான். ஆனா எல்லாத்துக்கும் கையொப்பம் கேட்டுப் பழகினவ, வெளிய வந்ததும் ஒரு முடிவு எடுக்கப் பயப்படுறா. நானும் பயந்தேன்."

கதவு பூட்டியிருக்கிறதா என்று மட்டும் கேட்கிற தாய்மார் நாம். அந்தக் கதவுக்குள்ளே பிள்ளை எதைக் கற்றுக்கொள்கிறாள் என்பதையும் கேட்க வேண்டும்.

சாமி கும்பிடச் சொன்னார்களா?

அம்மன் கோயில் தீர்த்தத்தில் வளர்ந்த எமக்கு இந்தக் கேள்வி வராமல் இருக்காது. நானும் கேட்டேன். அவள் சொன்ன விளக்கம் இது. இவ்வாறான கல்லூரிகளில் வழமையாகக் கத்தோலிக்கப் பிள்ளைகளுக்கு மறைக்கல்வியும், ஏனையோருக்கு அதே நேரத்தில் நன்னெறிக் கல்வியும் நடக்கும். காலையில் பொதுச் செபம் ஒலிக்கும். எழுந்து நின்றால் போதும். பொங்கலும் வைப்பார்கள். பாப்பரசர் இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் 1990 இல் கத்தோலிக்கப் பல்கலைக்கழகங்களுக்காக வெளியிட்ட சாசனத்திலேயே ஒவ்வொருவரின் மனச்சாட்சிச் சுதந்திரமும் முழுமையாக மதிக்கப்பட வேண்டும் என்று இருக்கிறது. அவள் அங்கு போனபோது நெற்றியில் இருந்த திருநீறு திரும்பி வரும்போதும் இருந்தது.

இன்னொரு வழக்கத்தை அவள் மிகவும் மெச்சினாள். மாணவர்கள் குறிப்பிட்ட மணித்தியாலங்கள் கிராமத்திலோ சேரியிலோ வேலை செய்தாக வேண்டும். லயோலாவிலும் புனித வளனார் கல்லூரியிலும் இது படிப்பின் ஒரு பகுதியாகவே நடக்கிறது. அவளுடைய குழு போன கிராமத்தில், வாங்கிய கடனுக்கு எவ்வளவு வட்டி போகிறது என்று தெரியாத பெண்களுக்கு இவள் கணக்குப் போட்டுக் காட்டினாள். வாழ்க்கையில் முதல் முறையாக, உதவி வாங்கும் வரிசையில் நிற்காமல் உதவி செய்யும் பக்கம் நின்றாள்.

பட்டம் கைக்கு வந்த பிறகு

2013 இல் பட்டம் கிடைத்தது. ஆனால் அகதிக்கு அரச வேலை இல்லை. பட்டம் பெற்ற முகாம் இளைஞர்கள் பலர் வர்ணம் பூசும் வேலைக்குப் போனார்கள். இவள் ஒரு துணிக்கடையில் விலைச்சீட்டு எழுதினாள். 2021 இல் தமிழ்நாட்டு அரசு முகாம்களுக்கு மறுவாழ்வு முகாம் என்று பெயர் மாற்றி, பிள்ளைகளின் கல்வி உதவித்தொகையையும் உயர்த்தியது. அது நல்ல செய்தி. ஆயினும் பெயர் மாறியதால் பிரசாவுரிமை வந்துவிடவில்லை.

அக்காவும் மகளும் 2015 இல் ராகலைக்குத் திரும்பினார்கள். முகாமில் பிறந்த பிள்ளையின் பிறப்பைச் சென்னையிலுள்ள இலங்கைத் துணைத் தூதரகத்தில் பதிய வேண்டியிருந்தது. 2003 ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டமும், யுத்தத்தால் இந்தியா போனவர்களுக்காக 2009 இல் செய்யப்பட்ட திருத்தமும் இல்லாவிட்டால் மலையக வழி வந்த பலருக்கு இதுவும் முடிந்திராது. பிறகு பட்டத்தை இங்கே ஏற்றுக்கொள்ளச் செய்ய பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவில் கடிதம் எடுக்க வேண்டும். பெறுபேற்றுத் தாளை முகாமில் மழை நனைத்திருந்தது. மீண்டும் ஒரு பிரதி எடுக்க ஒரு வருடம் போனது. இன்று நுவரெலியாவில் ஒரு வியாபார நிலையத்தில் கணக்கு எழுதுகிறாள். அக்காவின் மருந்துச் செலவு அந்தச் சம்பளத்தில்தான்.

எமது நாட்டில் என்ன வழி?

இலங்கையின் அரச பல்கலைக்கழகங்களுள் கத்தோலிக்கப் பல்கலைக்கழகம் என்று ஒன்று இல்லை. கொழும்பு பொரளையில் அக்குவைனாஸ் உயர்கல்வி நிறுவனம் இருக்கிறது. கல்விமான் பீற்றர் பிள்ளை அடிகளார் 1954 இல் தொடங்கியது. பல தலைமுறைகளுக்குப் பயன்பட்ட நிறுவனம். ஆனால் அங்கு கட்டணம் செலுத்தியே படிக்க வேண்டும். அந்தப் பிரசுரத்தில் இருந்தது அதுவும் அல்ல. எந்தச் சபையின் பெயரும் அதில் இல்லை. இது மகள் சுட்டிக்காட்டிய பிறகே எனக்குத் தெரிந்தது.

அவள் எனக்கு எழுதித் தந்த வழிகள் இவை. முதலாவது, அரச பல்கலைக்கழகம். அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 வீதம் பின்தங்கிய மாவட்டங்களுக்கும் ஒதுக்கப்படுகிறது. நுவரெலியா அந்த மாவட்டங்களில் ஒன்று. வன்னி மாவட்டங்களும் அதில் அடங்கும். ஆகவே புள்ளி எல்லையில் நின்றாலும் விண்ணப்பியாமல் விடக்கூடாது. படிப்பு இலவசம், மகாபொல புலமைப்பரிசிலும் உண்டு. இரண்டாவது, பத்தனை சிறீபாத தேசிய கல்வியியற் கல்லூரி, ஆசிரியராக விரும்புவோருக்கு. மூன்றாவது, பேராதனையின் வெளிவாரிப் பட்டம். நான்காவது, 1980 இல் தொடங்கிய திறந்த பல்கலைக்கழகம். ஹற்றனிலும் அதன் கற்கை நிலையம் உண்டு. வேலை செய்துகொண்டே படிக்கலாம்.

எந்த நிறுவனமானாலும், யார் நடத்தினாலும், பணம் கட்டுமுன் கேட்க வேண்டியவை:

1. பட்டம் கொடுப்பது யார்? அது பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கும் பட்டமா?
2. முற்பணம் மட்டுமல்ல, கடைசி வருடம் வரை மொத்தச் செலவு எவ்வளவு?
3. எந்த மொழியில் படிப்பு? பின்தங்கிய பிள்ளைக்கு மேலதிக வகுப்பு உண்டா?
4. இடையில் நிறுத்தினால் பணம் திரும்புமா? எழுத்தில் தருவார்களா?
5. அங்கு படித்த ஒரு பிள்ளையோடு நேரில் பேசலாமா?

ஐந்தாவது கேள்விதான் பெரியது. துண்டுப் பிரசுரம் சொல்லாததைப் படித்த பிள்ளை சொல்லும்.

தோடு எனது காதிலேயே இருக்கிறது. பஸாரில் பிரசுரம் கொடுத்தவரை இப்போது காணவில்லை. மகள் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் கல்வியியற் கல்லூரி விண்ணப்பத்தையும் அனுப்பியிருக்கிறாள். இரண்டில் எது வரும், வருமா என்பது இன்னும் தெரியாது. இதற்கிடையில் தினமும் மாலையில் அக்கா மகளிடம் போய்ப் பத்திரிகையில் ஒரு பந்தி ஆங்கிலம் வாசித்துத் தமிழில் கதை சொல்கிறாள். அந்தக் கன்னியாஸ்திரி கடலுக்கு அப்பால் தொடங்கிய வகுப்பு எங்கள் லயத்து வாசலில் நடக்கிறது. பக்கத்துக் காம்பராப் பிள்ளைகள் இரண்டு பேரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள்.

சகோதரிகளே, யுத்தத்தில் கணவனை, வீட்டை, காணியை இழந்தவர்கள் எம்மில் அநேகம். பிள்ளையின் பிறப்புச் சான்றிதழையும் பெறுபேற்றுத் தாளையும் இழக்காதீர்கள். பொலித்தீன் உறையில் போட்டுக் கூரை ஒழுகாத இடத்தில் வையுங்கள். உங்கள் லயத்திலோ கிராமத்திலோ படித்து வந்த ஒரு பிள்ளை இருந்தால், அவளை அடுப்படியில் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்துக் கேளுங்கள். அவள் பட்ட கஷ்டமும் கண்ட நல்லதும் அடுத்த பிள்ளைக்கு உதவும்.