ஒரு சோறு பதமாகுமா?

ஒரு பானை சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பார்கள். சகோதரிகளே, ஒரு நாட்டின் தலைவரையும் ஓர் இரவுப் பேச்சைக் கொண்டு பதம் பார்க்கலாமா? ஐக்கிய அமெரிக்காவின் இரு தேர்தல்கள் இக்கேள்விக்கு இரு வேறு விடைகளைத் தருகின்றன.

அந்நாட்டு ஜனாதிபதி வேட்பாளர்கள் தொலைக்காட்சியில் நேருக்கு நேர் விவாதிப்பது 1960இல் ஆரம்பமானது. 1984இல் ஜனாதிபதியாயிருந்த ரொனால்ட் ரீகனுக்கு வயது 73. எதிர்த்து நின்ற வோல்டர் மொண்டேலுக்கு 56. நாட்டின் பொருளாதாரம் வளர்ந்து வந்தமையால் ரீகனின் வெற்றி நிச்சயம் என்றே பேசப்பட்டது. ஆனால், ஒக்டோபர் 7ஆம் திகதி நடந்த முதல் விவாதத்தில் அவர் தடுமாறினார். அதுவரை முணுமுணுப்பாயிருந்த வயதுப் பேச்சு மறுநாள் பகிரங்கமாயிற்று. இரு வாரங்களில் இரண்டாவது விவாதம் வந்தது. அதில் வயதைப் பற்றிக் கேட்டபோது, எதிராளியின் இளமையையும் அனுபவக் குறைவையும் தாம் அரசியலாக்கப் போவதில்லை என்று வேடிக்கையாகப் பதிலளித்தார். மொண்டேலே சிரித்துவிட்டார். தேர்தலில் 50 மாநிலங்களுள் 49ஐ ரீகன் வென்றார்.

நாற்பது ஆண்டுகளின் பின் அதே சோதனை ஜோ பைடனுக்கு வந்தது. அவருக்கு வயது 81. எதிராளி டொனால்ட் ட்ரம்புக்கு 78. 2024 ஜூன் 27ஆம் திகதி நடந்த விவாதத்தில் பைடனின் குரல் கம்மியிருந்தது. தொடங்கிய வசனங்கள் பாதியில் நின்றன. ட்ரம்ப் கூறியவற்றுள் பல உண்மைக்குப் புறம்பானவை எனப் பத்திரிகைகள் சுட்டிக்காட்டியும் அது எடுபடவில்லை. சொன்னது என்ன என்பதைவிடச் சொன்ன விதமே பேசப்பட்டது.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். கருத்துக் கணிப்புகளில் வாக்காளர் ஆதரவு சில சதவீதமே குறைந்தது. இடிந்து விழுந்தது எதிர்பார்ப்புதான். பணம் கொடுப்போர் தயங்கினர். கட்சிக்காரர்களே விலகுமாறு கேட்டனர். அடுத்த விவாதமோ செப்டெம்பரில்தான். ஜூலை 21ஆம் திகதி பைடன் போட்டியிலிருந்து விலகினார்.

பலவீனமான பேச்சு புதிதாக ஒரு சந்தேகத்தை உண்டாக்குவது அரிது. உள்ளத்தில் ஏற்கெனவே இருக்கும் சந்தேகத்துக்கு அது சாட்சியாகிறது. அச்சாட்சியை மறுக்க ரீகனுக்கு விரைவில் ஒரு மேடை கிடைத்தது, பைடனுக்குக் கிடைக்கவில்லை.

நன்றாகப் பேசியவர்தான் வெல்வார் என்பதும் இல்லை. செப்டெம்பர் 10ஆம் திகதி விவாதத்தில் கமலா ஹாரிஸே சிறப்பாகப் பேசினார் என்று பார்த்தவர்களுள் பெரும்பாலோர் கருதினர். நவம்பரில் வென்றவர் ட்ரம்ப். விலைவாசியும் வீட்டுச் செலவும் பலருக்கு மேடைப் பேச்சைவிடப் பெரிதாயிருந்தன.

ஆகவே ஒரு விவாதத்தைப் பார்த்தபின், "யார் வென்றார்?" என்று பிறரைக் கேட்குமுன் நம்மையே சில கேள்விகள் கேட்போம். கேட்ட கேள்விக்குப் பதில் வந்ததா? வந்த பதில் உண்மையா? பதவியிலிருந்த காலத்தில் இவர் செய்தது என்ன? தடுமாறிய நாவும் ஒரு செய்திதான். சரளமாக வந்த பொய்யும் ஒரு செய்திதான். இரண்டையும் நிறுத்துப் பார்ப்பதே வாக்காளரின் கடமை.